அந்த வருஷம் வளையம் மெலிந்திருந்தது

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாராவது பெருமையாக எழுதினால் முதலில் சிரிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். இருபது வருஷமாக அவரைக் கிண்டல் செய்தே பழகிய வாய் இது. இப்போது நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை, கோபம். யார் யார் மேல் என்று போகப்போகத் தெரியும். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று ஃபிரேம் எடுத்துக் காட்டுகிற வேலை இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஒரு மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஸ்டூல். லென்ஸின் ஓரத்தை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்திக் கொடுப்பார். கடைக்கு வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தது கிடையாது. "நம்ம தெருவுல பாதிப் பேர் உலகத்தைப் பார்க்கறது என் கையாலதான்" என்று ஒருமுறை சொன்னார். அவர் வாழ்க்கையில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம் அது. அதற்கும் அக்கா, "அப்படின்னா அந்தப் பாதிப் பேர் உங்களைக் கண்டா ஏன் கண்டுக்காமப் போறாங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

ஊரில் ஐந்து பேர் சேர்ந்து வானம் பார்க்கும் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் பல் டாக்டர். கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவர், லென்ஸ் பொருந்தியிருந்த நேர்த்தியைப் பார்த்து, "இதைச் செஞ்ச கையை நான் பார்க்கணும்" என்று திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாராம். மாமா அன்றைக்கே விழுந்துவிட்டார். அதற்கு முன்னால் அந்தத் திரைச்சீலையை அவருக்காக யாரும் விலக்கியதில்லை. பல் டாக்டருக்குப் பேச்சு சரளம். வலிக்காது, வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பதப்பட்ட குரல். மாமாவுக்குச் சங்கத்தில் 'பொறுமை' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடி.

அவர்கள் வைத்திருக்கிற வகைத் தொலைநோக்கிக்கு உயிர், குழாயின் அடியில் இருக்கிற குழிந்த கண்ணாடிதான். கடையில் செய்ததை வாங்கலாம். இவருக்கு அதில் ருசி இல்லை. எட்டு அங்குல அகலத்தில் கெட்டியான கண்ணாடி வட்டு இரண்டு வரவழைத்தார். ஒரு வட்டைப் பீப்பாய் மேல் இறுக்கி வைத்து, அதன் மேல் கரகரப்பான பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொரு வட்டை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளியதும் பீப்பாயைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். மறுபடி தள்ள வேண்டும். அப்படியே நாள் கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தால் மேல் வட்டு மெல்லக் குழியும். மெருகு போடும் கட்டம் வந்துவிட்டால் அதைவிட மோசம். ஒரு மணல் துகள் நடுவில் சிக்கினாலும் கீறல் விழும், பழைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே வீட்டில் சட்டம் போட்டார். அவர் தேய்க்கும் நேரத்தில் மின்விசிறி கூடாது. பெருக்கக் கூடாது. செருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. கடைசியில், துணி வெட்டினால் தூசி பறக்கிறது என்று கண்டுபிடித்தார். அக்கா தையல் வேலை செய்கிறவள். அவள் மெஷின் இருந்ததும் அதே முன்னறையில்தான். ஐந்து மாசம் அந்த மெஷின் என் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. அக்கா காலையில் வந்து சாயங்காலம் போவாள், ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி. "சக்களத்தி வந்தாக்கூட ஒரு மூலையில இடம் குடுத்திருப்பா" என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

பதினாலு மாசம் ஆயிற்று. கண்ணாடிக்கு வெளியூரில் வெள்ளிப் பளபளப்புப் பூச்சு போட்டு வந்து, குழாயில் பொருத்தி, மொட்டை மாடியில் வைத்தார். அக்கா தன் மெஷினை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோன அன்று, வாசலில் நின்று சொன்னாள்: "அந்தக் கண்ணாடி வழியா நான் ஒண்ணையும் பார்க்க மாட்டேன். நீங்களே பார்த்துக்குங்க."

கோபத்தில் சொன்னாள் என்று நினைத்தோம். இரண்டு வருஷம் அப்படியே நின்றாள். நிலாவின் பள்ளங்களைப் பார்க்கத் தெருவே மாடிக்கு வந்தது, அவள் மட்டும் கீழே பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா படிக்கட்டில் பாதி இறங்கி வந்து, "தெளிவா இருக்கு இன்னிக்கு" என்பார், பொதுவாகச் சுவரைப் பார்த்து. "அப்படியா" என்பாள். அவர் திரும்ப ஏறிவிடுவார். இரண்டாம் முறை கேட்கத் தெரியாத மனுஷன்.

அவருக்கு வேறு ஆசை என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. மகன் ஹாஸ்டலில் படிக்கிறான், வேலை நிரந்தரம், உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்கா ஒரு தடவை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், பார்த்து நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். சொல்ல மாட்டார்.

எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வானம் பார்க்கும் மாலை நடத்தலாம், மைதானம் வேண்டும் என்று பல் டாக்டர் கேட்டபோது, தலைமை ஆசிரியையிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தது நான்தான். அறிவிப்பை டாக்டரே எழுதினார்: 'சனிக்கோளை உங்கள் சொந்தக் கண்ணால் பாருங்கள்.' கீழே, 'நம் உறுப்பினர் கையாலேயே செய்த கண்ணாடி' என்றும் ஒரு வரி. மாமா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அக்கா அதை எடுத்துப் படித்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைத்தாளாம். முந்தின நாள் என்னிடம், "உன் பள்ளிக்கூடத்துக்கு நானும் வர்றேன்டி, சும்மா" என்றாள். சும்மா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மாமாவிடம் சொன்னேன். மனுஷன் அன்றைக்குக் கடையில் ஒரு லென்ஸை இடவலம் மாற்றிப் பொருத்திவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவை.

நிகழ்ச்சி அன்று மத்தியானம் வரை வானம் பளிச்சென்று இருந்தது. ஐந்து மணிக்கு மேகம் ஏறியது. ஆறரைக்கு முந்நூறு பேர் வந்துவிட்டார்கள், வானத்தில் ஓர் ஓட்டை கூட இல்லை. பனி இறங்குமே என்று மாமா, மைதானத்தில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் அடியில் இருந்த தன் கண்ணாடி மேல் ஒரு மூடியைப் போட்டார். அக்காவின் சமையலறை டப்பாவின் நீல மூடி அது, அளவு சரியாக இருந்ததால் சுட்டது. பிள்ளைகள் தொலைநோக்கியைச் சுற்றிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெற்றவர்கள் மணி பார்க்க ஆரம்பித்தார்கள்.

பல் டாக்டர் மாமாவின் தோளில் கை போட்டார். "பொறுமை, நீங்க வகுப்பறையில உட்கார்ந்து கண்ணாடி எப்படித் தேய்க்கறதுன்னு பசங்களுக்குச் செஞ்சு காட்டுங்க. வானம் திறந்தா நான் பார்த்துக்கறேன். தொலைநோக்கியை என்கிட்ட விடுங்க."

செய்து காட்டவென்று கொண்டுவந்திருந்த வேறு இரண்டு சின்ன வட்டுகளையும் பொடியையும் எடுத்துக்கொண்டு மாமா போனார். நான் கேட்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழே காலுக்கு மைதானத்தில் ஒரு கூச்சல். "தெரியுது! தெரியுது!" சங்கத்து ஆள் ஒருவர் ஓடி வந்து, "சின்னதா ஒரு இடைவெளி கிடைச்சிருக்கு, மேகம் மூடறதுக்குள்ள எல்லாரும் வரிசையில வாங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு மேகம்தான் தெரிந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். டோக்கன் கட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினேன்.

எனக்கு முன்னால் அக்கா பார்த்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்த பையன் முனக ஆரம்பித்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே, "எங்க பொறுமையோட கைவேலை, எப்படி இருக்கு மேடம்?" என்றார். அக்கா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பிறகு நான் பார்த்தேன். கறுப்பு நடுவில் பொன்னிறமாக ஒரு உருண்டை, அதைச் சுற்றி வளையம். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன்.

அக்கா வகுப்பறைக்கு நடக்கவில்லை, ஓடினாள். மாமா முழங்கை வரை ஈரப் பொடியோடு, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு வட்டைத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்துட்டேங்க."

அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "மேகம் விலகிருச்சா? எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, என்ன அழகு! தொப்பி மாதிரி நல்லா அகலமா வளையம். அந்த வளையத்துக்குள்ள கறுப்பா ஒரு கோடு கூடத் தெரிஞ்சுது. இதுக்காகத்தான் தேய்ச்சீங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே."

மாமாவின் முகம் மெதுவாக மாறியது. அக்கா கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். நான் கவனித்தேன், புரியவில்லை. அவர் வட்டைக் கீழே வைத்தார். "இதோ வந்துடறேன்" என்று கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனார். எனக்கு என்னவோ போலிருந்தது, பின்னாலேயே போனேன்.

வாசலில் நின்று மேலே பார்த்தார். பிறகு என்னிடம், வானிலை அறிக்கை படிக்கிற குரலில் சொன்னார்: "இந்த வருஷம் வளையம் நமக்குப் பக்கவாட்டுல திரும்பியிருக்கும்மா. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் அப்படி ஆகும். ஊசி மாதிரிதான் தெரியும். நான் மாசாமாசம் வரைஞ்சு வச்சிருக்கேன். அகலமா தெரியவே தெரியாது."

தொலைநோக்கியிடம் போனோம். வரிசை நீண்டிருந்தது. பூமி சுற்றுகிறது, அதனால் அந்தக் குழாயை நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோள் நழுவிவிடும் என்று பிறகு சொன்னார். அன்று யாரும் குழாயைத் தொடவில்லை. மாமா குழாயின் வாயருகே போய், கைவிளக்கை ஒரு நொடி அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே நடுவில் வெள்ளைத் தாள் சுற்றிய குட்டி விளக்கு ஒன்று. அடியில், அவர் போட்ட இடத்திலேயே, அந்த நீல மூடி.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட வேண்டும் என்றே நினைத்தேன். ஒரு சின்னப் பெண் அப்போதுதான் கண்ணை வைத்து, "அம்மா, சூப்பர்!" என்றாள். மாமா இரண்டடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் பிள்ளை பார்த்துப் போகும் வரை, நாற்பது நிமிஷம். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் போனதும் மாமா கண் வைக்கிற லென்ஸைக் கழற்றினார். அதன் வயிற்றில் விரல் நகம் அளவுக்கு, சனிக்கோள் படம் பதிந்த ஒரு படச்சுருள் துண்டு. நாசூக்காக வெட்டி ஒட்டியிருந்தது. பல்லில் வேலை செய்கிற கை.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் டாக்டர். "முந்நூறு பேரு. வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா? பசங்க எவ்வளவு சந்தோஷமாப் போறாங்க பாருங்க. நாளைக்கு இதுல பத்துப் பேராவது வானத்தைப் படிப்பாங்க. அதுவும் உங்க கண்ணாடிக்குத்தான் பேரு."

"என் கண்ணாடி மூடியே இருந்துச்சு, டாக்டர்."

மாமா மற்ற நாலு பேரையும் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?" ஒருவர் ஒயரைச் சுருட்டினார். இன்னொருவர் தன் ஷூவைப் பார்த்தார். வரிசையில் வாங்க என்று ஓடி வந்த ஆள் மட்டும், "மேகம் வந்தா இப்படின்னு போன வாரமே பேசி வச்சதுதான்" என்று மென்று விழுங்கினார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றார் டாக்டர். அந்தக் குரலில் ஒரு மரியாதை வேறு இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேர்மையான ஆள் என்பதால் அவர் காதில் மட்டும் பூச்சுற்ற முடிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடி தேய்க்கிற கை வேண்டும், அறிவிப்பில் ஒரு வரி வேண்டும், அந்த ஆள் வேண்டாம். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைக்கத்தான் வகுப்பறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் டாக்டரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மாமா மூடியை எடுத்துத் துடைத்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி மூடினார்.

கேட்டருகே அக்கா போனில் யாரிடமோ கையை விரித்து வளையத்தின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், எதிரில் இருப்பவருக்குத் தெரியும் என்பது போல. மாமா நின்றுவிட்டார்.

"அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதம்மா."

"ஏன் மாமா? சொல்லித்தான் ஆகணும்."

"ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்திருக்கா. அந்த முகத்தைப் பாரு. வானம் தெளியட்டும். நிஜத்தைக் காட்டிட்டு நானே சொல்லிக்கறேன்."

நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

வானம் தெளியப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அக்கா தரையில் நடக்கவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது சனிக்கோள். காய்கறி வாங்கும்போது சனிக்கோள். ஒருநாள் நேராகக் கண்ணாடிக் கடைக்கே போய், முதலாளியிடம், "உங்ககிட்ட வேலை செய்யறவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவர் கண்ணாடியில வளையத்துக்குள்ள இருக்கிற கோடு கூடத் தெரியுது" என்று சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி மாமாவை வெளியே கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் முன்னால் கை குலுக்கினாராம். மாமா இதை என்னிடம் சொன்னபோது திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். "சொல்லிடுங்க மாமா" என்றேன். "நாளைக்குத் தெளிஞ்சுரும்" என்றார். சங்கத்துப் பக்கம் அவர் போகவில்லை. டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மேகம் இல்லை. ஏழு மணிக்கு மாமா படிக்கட்டில் பாதி வரை இறங்காமல் முழுவதும் இறங்கி வந்தார். "மேல வரியா?" என்றார், நேராக அவள் முகத்தைப் பார்த்து. அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மாமா குழாயைத் திருப்பி, மூடியை எடுத்து, கோளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அக்கா பழகிய ஆள் போல் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

"சின்னதா ஒரு உருண்டை இருக்கு. குறுக்க ஊசி குத்தின மாதிரி ஒரு கோடு. இது வேற ஏதோங்க. அதைக் காட்டுங்க."

"இதுதான் அது."

"அன்னிக்கு இப்படி இல்லையே. கண்ணாடி கெட்டுப்போச்சா?"

மாமா சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. மேகம், படச்சுருள், குட்டி விளக்கு, நீல மூடி எல்லாம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நீ வகுப்பறைக்கு வந்து சொன்னியே, அப்பவே."

என் பக்கம் திரும்பினாள். "உனக்கு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நான் கடைக்குப் போய்ப் பேசினப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். போன்ல ஊரெல்லாம் சொன்னப்ப தெரியும். பக்கத்துல உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க, இல்ல?"

"நீ சந்தோஷமா இருந்த. அதைக் கெடுக்க வேணாம்னு..." மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார். மைதானத்தில் டாக்டர் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அந்த டாக்டர் யாரோ எவரோ" என்றாள் அக்கா. "அவர் ஏமாத்தினா நான் சிரிச்சிட்டுப் போயிடுவேன். எனக்கு அவர்கிட்ட என்ன இருக்கு?"

மறுபடி குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை நிறைய நேரம். கோள் ஓரத்துக்கு நழுவியிருக்கும், மாமா பழக்கத்தில் கை நீட்டிக் குழாயைத் தொட வந்தார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கே, வானம் மூடியிருக்கு, இன்னொரு நாள் காட்டறேன்னு சொல்லியிருந்தா நான் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது, நல்லாத்தான் இருக்கு என்பது. அக்கா அதைச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்க்காமல், படி இறங்கப் போகிற பக்கமாகத் திரும்பி நின்றபடி சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் மாடியிலேயே நின்றோம், கீழே தையல் மெஷின் ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்கும் வரை.